திருகோணமலைக் காணி விலையைத் தீர்மானிக்கிறது யார்? புரோக்கர் இல்லை!

[காட்சி: டச்பே கடற்கரை, காலமை]

நிலாவெளியில உங்களுக்கு ஒரு துண்டு காணி இருக்கோ? அதை நீங்க விக்கப் போறீங்க எண்டு உங்கட மச்சானுக்குத் தெரிய முதல், இந்தக் கடற்கரையில நடக்கிற நாலு பேருக்குத் தெரிஞ்சிடும். பகிடி இல்லை.

வணக்கம் உறவுகளே! பின்னணியைக் கெதியாச் சொல்லிடுறன். மத்திய வங்கி காணிப் பெறுமதிச் சுட்டெண் போடுது, அதாவது காணி விலை ஏறினதோ இறங்கினதோ எண்டு காட்டுற கணக்கு, கொழும்பு மாவட்டத்துக்கு. எங்களுக்கு வாய்தான் சுட்டெண். பின்னணி முடிஞ்சுது.

இப்ப இந்த வோக்கிங் கோஷ்டியைப் பாருங்கோ. ஹார்ட்வெயார் முதலாளி, ஹோட்டல்காரர், கொந்தராத்துக்காரர், நகைக்கடைக்காரர். மான் கூட்டம் ஒரு பக்கம், இவை ஒரு பக்கம். நடந்து களைச்சு பிளேன்டீ குடிக்கேக்க ஒராள் மெல்லமாத் தொடங்குவார்.

"உப்புவெளி மூலைக் காணி போயிட்டுதாம். பேர்ச் ஆறாம்."

"ஆறோ!"

"கோயில் சபையில வைச்சுத்தான் கதைச்சவை."

பேர்ச் எண்டுறது காணி அளக்கிற அளவு; சும்மா உதாரணத்துக்குத்தான் ஒரு பேர்ச் ஆறு லட்சம். ஆனா பின்னேரத்துக்குள்ள அக்கம்பக்கத்தார் ஆறரை கேப்பினம். வித்தது நாலரைக்கா இருக்கலாம், ஆர் கண்டது? காணி உறுதியைப் பாத்தாலும் பிடிபடாது. உறுதி எழுதேக்க கட்டுற வரி, முத்திரைத் தீர்வை, முதல் லட்சத்துக்கு மேல 4 வீதம் எல்லோ, அதைக் குறைக்கப் பாக்கிற ஆக்களும் இருப்பினம், அதால உறுதியில எழுதினதும் கைமாறினதும் ஒண்டா இருக்கோணும் எண்டில்லை.

இதில பெரிய வேடிக்கை, 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். நொத்தாரிசும் ரெண்டு சாட்சியும் இல்லாம "காணி தாறன்" எண்டு வாயால சொன்னா அது செல்லாது. விலை மட்டும் முழுக்க வாயால!

அதே கோஷ்டி விலையை இறக்கவும் செய்யும். "அந்த வளவுக்கு நான் போறன், நீங்க கேக்காதேங்கோ அண்ணை." "சரி தம்பி, அடுத்தது எனக்கு." முடிஞ்சுது. நாலு பேர் போட்டி போட்டு வாங்க வேண்டிய காணிக்கு ஒராள்தான் வாறார். ரொறன்ரோவில இருந்து அற்றோனித் தத்துவம் (தனக்காக இன்னொராள் கையெழுத்துப் போடுற அதிகாரம்) அனுப்பின மனுசன், "சந்தை விழுந்திட்டுது போல" எண்டு நினைச்சு ஓம் எண்டிடுவார். இதுக்குப் பேர் நட்பு இல்லை எண்டுதான் நான் சொல்லுவன்.

ஆனா "அதில கை வைக்காதேங்கோ, பெர்மிட் காணி", அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில குடுத்த காணி, எண்டு வாங்கிறவையைக் காப்பாத்திறதும் இதே ஆக்கள்தான்.

வெளிநாட்டில இருந்து விக்கிற ஆக்கள், ஒண்டோடொண்டு சேராத ரெண்டு கோஷ்டியிட்ட விலை கேளுங்கோ. காசு போனாலும் பரவாயில்லை, ஒரு மதிப்பீட்டாளரிட்ட அறிக்கை எடுங்கோ. உங்கட பக்கத்துக் காணி பேர்ச் என்ன விலைக்குப் போச்சு எண்டு கொமென்டில போடுங்கோ. உண்மையான விலை, அண்ணை!