பகலில் குளம், இரவில் வயல்

நேயர்களுக்கு வணக்கம்.

வாத்து ஆராய்ச்சி செய்கிறேன் என்று யாரிடமாவது சொன்னால், அடுத்த கேள்வி அநேகமாக முட்டை விலையைப் பற்றித்தான் இருக்கும். கல்யாணமான புதிதில் என் மாமியாரே, "பண்ணை எந்த ஊர்லம்மா இருக்கு?" என்று கேட்டார். நான் பேச வந்தது பண்ணை வாத்தைப் பற்றி இல்லை. மழைக்காலத்தை ஒட்டி நம் குளங்களுக்கு வந்து, பங்குனி வெயில் ஏறியதும் கிளம்பிப் போகிற காட்டு வாத்துகளைப் பற்றி. நீலச்சிறகி என்றும் சொல்கிற கிளுவை, ஊசிவால் வாத்து, ஆண்டி வாத்து, நாமத்தலை வாத்து, அப்புறம் நம் திருநெல்வேலிப் பக்கத்துக் கூந்தன்குளத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த வரித்தலை வாத்து.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் எனக்கு மனசு ஆறாது. கூந்தன்குளத்திலும் வேடந்தாங்கலிலும் மரத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற பறவைகளெல்லாம் ஆஸ்திரேலியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் பிரசவத்துக்கு வந்தவை என்று வருஷா வருஷம் எழுதுகிறார்கள். இல்லை. கூடு கட்டுகிற கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் நம் நாட்டுப் பறவைகள்தான். வெளிநாட்டிலிருந்து வருகிற வாத்து இங்கே முட்டையிடாது. அது வருவது சாப்பிட. சாப்பிட வருகிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், என் பேச்சு முழுக்க அதைச் சுற்றித்தான் இருக்கும்.

கிளுவை முந்திக்கொண்டு வரும், ஆவணியிலேயே சில கூட்டம் இறங்கிவிடும். புறாவை விடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். வந்த புதிதில் ஆணும் பெண்ணும் ஒன்று போலவே தெரியும். கோடையில், முட்டையிடுகிற ஊரில், ஆண் வாத்துக்குப் பழைய இறகெல்லாம் உதிர்ந்துவிடும். சிறகில் உள்ள பெரிய இறகுகளும் ஒரே சமயத்தில் விழுவதால் மூன்று நான்கு வாரம் பறக்கவே முடியாது. அந்த நேரத்தில் பளிச்சென்று இருந்தால் நரிக்குத்தான் கொண்டாட்டம். அதனால் பெண்ணைப் போல மங்கிய பழுப்பு நிறத்துக்கு மாறிக்கொள்ளும், அந்தக் கோலத்தோடுதான் நம் ஊருக்கு வரும். மாசி வாக்கில் பாருங்கள், ஆணுக்குக் கண் மேலே வெள்ளைக் கோடு ஒன்று புருவம் மாதிரி வளைந்து பின்கழுத்து வரை இறங்கியிருக்கும். அதற்கு முன்னால் எது ஆண் என்று தெரிய, அது சிறகை விரிக்கிற வரை காத்திருக்க வேண்டும். தோள்பக்கம் சாம்பல் கலந்த நீலம் நல்ல வெளுப்பாக இருந்தால் ஆண். காத்திருப்பதுதான் எங்கள் வேலையில் பாதி.

மீதிப் பாதி எண்ணுவது. நிறைய பேர் கேட்பார்கள், "ஆயிரக்கணக்கில் கிடக்கிறதை எப்படிம்மா எண்ணுவீங்க?" என்று. முதலில் பத்து வாத்தை ஒழுங்காக எண்ணுவோம். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொள்வோம். பிறகு பத்துப் பத்தாக, கூட்டம் பெரிதென்றால் நூறு நூறாக நகர்த்திக்கொண்டே போவோம். பாதியில் ஒரு சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து வரும், குளமே எழும்பிவிடும். திரும்ப முதலிலிருந்து. 1987 முதல் ஆசியா முழுக்க ஜனவரி மாதத்தில் இப்படி நீர்ப்பறவைக் கணக்கு எடுக்கிறார்கள்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு சங்கதி இருக்கிறது. நாம் எண்ணுவது பகலில். பகலில் கிளுவையும் ஊசிவாலும் பெரும்பாலும் நடுத்தண்ணீரில் தலையை முதுகில் செருகித் தூங்கும். பொழுது இறங்கியதும் கூட்டம் கூட்டமாகக் கிளம்பி வயலுக்குப் போகும். பிசானப் பருவ நெல் வயலில் உதிர்ந்த மணி, களை விதை, புழு பூச்சி எல்லாம் மேய்ந்துவிட்டு விடிவதற்குள் குளத்துக்குத் திரும்பிவிடும். ராத்திரி மொட்டை மாடியில் படுத்திருக்கும்போது தலைக்கு மேலே சீழ்க்கை அடித்துக்கொண்டு ஏதோ போகிறதே, கேட்டிருப்பீர்கள். அது சீழ்க்கைச் சிறகி, நம் ஊர் வாத்து. அதுவும் சாப்பாட்டுக்குத்தான் போகிறது. இதை எனக்கு முதலில் சொன்னது புத்தகம் இல்லை, ராத்திரி முறைத்தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்கள். குளம் வாத்துக்குப் படுக்கையறை, சமையலறை ஊர் வயலில் இருக்கிறது. சரணாலயம் என்று 1994-இல் கூந்தன்குளத்தைச் சுற்றி எல்லை போட்டோம், நல்ல காரியம். ஆனால் சமையலறை எல்லைக்கு வெளியே இருக்கிறது. அங்கே பூச்சிக்குப் போடுகிற குருணை மருந்தை நெல்லில் கலந்து வைத்தால், சரணாலயத்துப் பலகை என்ன செய்யும்?

வளையம் பற்றிச் சொல்கிறேன். பறவை எங்கிருந்து எங்கே போகிறது என்று அறிய, அதன் காலில் நம்பர் அடித்த அலுமினிய வளையம் மாட்டுகிற முறையை 1899-இல் டென்மார்க்கில் மார்ட்டென்சன் என்ற பள்ளி ஆசிரியர் தொடங்கினார். நம் நாட்டில் 1920-களிலேயே, இப்போது மத்தியப் பிரதேசத்தில் இருக்கிற தார் சமஸ்தானத்தில் வாத்துக்கு வளையம் போட்டிருக்கிறார்கள். பெரிய அளவில் நடந்தது பறவையியல் அறிஞர் சலீம் அலி காலத்தில். அதற்குப் பணம் எப்படி வந்தது தெரியுமா? 1957-இல் கர்நாடகத்துக் கியாசனூர் காட்டில் குரங்குக் காய்ச்சல் வந்தது. ரஷ்யாவில் இருக்கிற ஒரு காய்ச்சலின் கிருமியோடு அது ஒத்துப்போனதும், வலசைப் பறவை மேல் ஒட்டிய உண்ணி கொண்டுவந்திருக்குமோ என்று சந்தேகம். உலக சுகாதார நிறுவனம் உதவ முன்வந்தது. பறவை மேல் விழுந்த பழியால் பறவை ஆராய்ச்சி வளர்ந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் கோடியக்கரையில் முகாம் போட்டு ஏராளமான பறவைகளுக்கு வளையம் மாட்டியது. பிடித்துக் கொடுத்தவர்களில் பீகாரின் மீர்ஷிகார் சமூகத்து வலைக்காரர்கள் முக்கியமானவர்கள். இறகு கசங்காமல் பிடிப்பதில் அவர்களுக்கு நிகர் கிடையாது.

எனக்கு வளையம் வந்து சேர்ந்த இடம் ஒரு டீக்கடை. கடைக்கார அண்ணாச்சியிடம், யாருக்காவது வளையம் கிடைத்தால் சொல்லுங்கள் என்று சொல்லி வைத்திருந்தேன். ஒரு நாள் பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். டீயைக் குடித்து முடிக்கிற வரை பேசவே இல்லை. அப்புறம் மெதுவாக, "யம்மா, நீங்க ஒண்ணும் கேக்க மாட்டீங்கள்ல?" என்றார். "கேக்க மாட்டேன் தாத்தா" என்றேன். இடுப்பில் அரைஞாண் கயிற்றில் சாவியோடு கோத்திருந்த வளையத்தை அவிழ்த்துக் கொடுத்தார். "வயல்ல செத்துக் கிடந்துச்சு" என்றார். எல்லாரும் சொல்வது அதுதான். குழம்பில் கிடந்ததா, வயலில் கிடந்ததா என்று நான் கேட்டதே இல்லை. கேட்டால் அடுத்த வளையம் வராது. வேட்டையை நான் நியாயப்படுத்தவில்லை, சட்டம் சட்டம்தான். ஆனால் வளையம் கொண்டுவருகிறவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால், அதில் உள்ள சேதி ஏதாவது கிணற்றில் போய் விழும்.

வளையம் தேய்ந்து மழுங்கிப் போயிருந்தது. டீக்கடைக் கணக்கு நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, வளையத்தின் மேல் வைத்து, பென்சிலைப் படுக்கை வாட்டில் தேய்த்தேன். எழுத்து ஒவ்வொன்றாக எழும்பியது: மாஸ்கோ. கீழே நம்பர். கடையில் இருந்தவர்களுக்கு உற்சாகம் தாங்கவில்லை. வேவு பார்க்க வந்த வாத்து என்று ஒருத்தர், கலெக்டருக்குச் சொல்ல வேண்டும் என்று இன்னொருத்தர். பெரியவர் முகம் வெளுத்துவிட்டது. அண்ணாச்சிதான், "ஏலே, சும்மா இருங்க" என்று அதட்டி அவருக்கு இன்னொரு டீ கொடுத்தார். அந்த நம்பரை எழுதி அனுப்பினேன். நெடுநாள் கழித்துப் பதில் வந்தது: மேற்கு சைபீரியாவில், இறகு உதிர்ந்து பறக்க முடியாமல் இருந்த சமயத்தில் பிடித்து வளையம் போட்ட கிளுவை. தேடிப்போய்ப் பெரியவரிடம் சொன்னேன். எவ்வளவு தூரம் என்று கேட்பார் என நினைத்தேன். அவர் கேட்டது, "அங்க என்ன விளையுது?" கோதுமை என்றேன். "அங்க கோதுமை, இங்க நெல்லு. அப்ப சரி" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வலசையைப் பற்றி அதற்கு மேல் நானும் பெரிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை.

வரித்தலை வாத்து எவரெஸ்ட் சிகரத்துக்கு மேலேயே பறக்கும் என்று பாடம் நடத்துகிறோம். கருவி பொருத்திப் பின்தொடர்ந்தபோது பதிவான அதிகபட்ச உயரம் 7,290 மீட்டர். கூடுமானவரை கணவாய் பார்த்துத் தாழ்வாகவே அது கடக்கிறது. புத்தி உள்ள ஜீவன்.

அட, நேரத்தைக் காட்டுகிறார்கள். ஆழத்தைப் பற்றிச் சொல்லாமல் போக மாட்டேன். கிளுவை முங்கி மேயாது. தலையை நீருக்குள் விட்டு, வாலைத் தூக்கிக் கவிழ்ந்து, கழுத்து எட்டுகிற வரைதான் மேயும். ஒரு சாண் தண்ணீர் அதற்குப் போதும், முழங்காலுக்கு மேல் என்றால் அடியில் என்ன இருந்தாலும் எட்டாது. நம் முன்னோர் வெட்டிய குளத்தில் ஒரு பக்கம் கரை, மறுபக்கம் உள்வாய் மெல்ல மெல்ல மேடேறும். தண்ணீர் வற்ற வற்ற அந்தச் சாண் ஆழம் நாளுக்கு நாள் கரையை நோக்கி நகரும், பறவையும் கூடவே நகரும். இப்போது தூர் வாருகிறோம் என்று பொக்லைனை விட்டு உள்வாயிலும் செங்குத்தாக வெட்டிவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குளத்தில் அப்படி வெட்டிய பிறகு, தண்ணீர் நிறையக் கிடக்கிறது, மேய ஒரு கிளுவை இல்லை. தூர் வார வேண்டாம் என்று சொல்லவில்லை. மடைப்பக்கம் எவ்வளவு வேண்டுமானாலும் வண்டல் எடுங்கள். உள்வாய்ச் சரிவை மட்டும் விட்டுவிடுங்கள். திரும்பச் சொல்கிறேன், உள்வாய்ச் சரிவை விட்டுவிடுங்கள்.

இந்தப் படிப்புக்கு எங்கே சேரலாம், வேலை கிடைக்குமா என்று பிள்ளைகளுக்காக நிறைய எழுதி வைத்திருந்தேன். இரண்டே வார்த்தை: மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் இருக்கிறது, கோவை ஆனைகட்டியில் சலீம் அலி பெயரில் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, விசாரித்துப் பாருங்கள். சம்பளத்தைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம். பறவைக் காய்ச்சல் பற்றியும் சொல்ல வேண்டியிருந்தது. குளக்கரையில் வாத்துகள் கொத்தாகச் செத்துக் கிடந்தால் கையால் தொடாதீர்கள், கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஜனவரி கணக்கெடுப்புக்கு வர விரும்புகிறவர்கள் வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள். விடிவதற்கு முன்னால் வந்துவிட வேண்டும், வெள்ளைச் சட்டை மட்டும் போட்டு வராதீர்கள். வணக்கம்.