இசைப் புதிர் வளர்ப்பது ரசனையையே!

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் கத்தியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நண்பர்களே, கொலு பார்க்க வந்து சுண்டலோடு பட்டிமன்றத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்ட மதுரைப் பெருமக்களே, வணக்கம்.

'இசைப் புதிரும் வினாடி வினாவும் வளர்ப்பது ரசனையையா, வெறும் மனப்பாடத்தையா?' என்பது தலைப்பு. ரசனையைத்தான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவி அம்மா ஒரு போடு போட்டார். "தியாகராஜர் பிறந்தது 1767, சியாமா சாஸ்திரி மறைந்தது 1827 என்று கடகடவென ஒப்பிக்கிற பிள்ளைக்குத் தோடி ராகம் எது, பைரவி ராகம் எது என்று தெரியுமா?" என்றார். கைதட்டலும் வாங்கினார். நானும்தான் தட்டினேன், ஏனென்றால் அது சரி. வருஷத்தை மட்டும் கேட்பது மட்டமான கேள்வி. அதற்குக் கேள்வி போட்டவரை நாலு திட்டு திட்டுங்கள் அம்மா, வினாடி வினாவையே ஏன் ஊரை விட்டு விரட்டுகிறீர்கள்?

நல்ல கேள்வி எப்படி இருக்கும்? நம்ம ஊர் மீனாட்சியையே எடுத்துக்கொள்வோம். முத்துசுவாமி தீட்சிதர் பாடிய 'மீனாக்ஷி மே முதம் தேஹி'. எட்டயபுரத்தில் 1835 தீபாவளியன்று, சீடர்கள் இந்தப் பாட்டைப் பாட, கேட்டுக்கொண்டே அவர் கண் மூடினார் என்று சொல்வார்கள். இதில் ஒரு கேள்வி: "இந்தப் பாட்டின் ராகம் எது என்று பாட்டுக்குள்ளேயே சொல்லியிருக்கிறார். எங்கே?"

ராகம் பூர்விகல்யாணி என்று மனப்பாடம் செய்தவன் இங்கே மாட்டிக்கொள்வான். சாகித்யத்தை, அதாவது பாட்டின் வரிகளை, தலைகீழாகப் புரட்டினாலும் பூர்வியும் கிடைக்காது, கல்யாணியும் கிடைக்காது. தீட்சிதர் மரபில் இந்த ராகத்துக்குப் பெயர் கமகக்ரியா. அது தெரிந்தவனும் உடனே சொல்லிவிட முடியாது. பல்லவி போகும், அனுபல்லவி போகும், சரணத்தில் 'மதுராபுரி நிலயே' என்று நம்ம ஊருக்குள் நுழைந்து, மலயத்வஜ பாண்டியன் மகளே என்று கூப்பிட்டு, அப்புறம் வருகிறது 'வீணா கான தச கமக க்ரியே'. ஸ்வரத்தை அசைத்து இழைக்கிற கமகம் பத்து வகையோடும் வீணை வாசிப்பவளே என்று அம்மனைப் புகழ்ந்துகொண்டே, ராகத்தின் பெயரையும் அதிலேயே செருகிவிட்டுப் போகிறார் மனுஷர்! கொஞ்சம் தள்ளி, 'குருகுஹ' என்று பாட்டுக்குள் கையெழுத்துப் போல வரும் தன் முத்திரையையும் வைத்துவிடுகிறார். இதைக் கண்டுபிடிக்கக் கிளம்பியவன் அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டிருப்பான். காதைப் பிடித்துத் திருகினாலும் வேறு எதற்காகவும் அப்படிக் கேட்டிருக்க மாட்டான்.

ஐயா, கவனியுங்கள். இந்தப் புதிரை நாங்கள் போடவில்லை. பாட்டைப் போட்டவரே போட்டுவிட்டுப் போயிருக்கிறார். எங்கள் பாட்டுக்காரர்கள் எல்லோரும் இந்த விஷயத்தில் ஒரே கட்சிதான். கோடீஸ்வர ஐயர் மேளகர்த்தா என்கிற 72 தாய் ராகங்களிலும் தமிழில் கீர்த்தனை செய்தவர். ஆனால் பாட்டின் கடைசியில் 'கவிகுஞ்சரதாசன்' என்று வரும். யார் அந்தக் கவிகுஞ்சரம்? அவருடைய தாத்தா, நம்ம பக்கத்துச் சிவகங்கைச் சீமையில் புகழோடு வாழ்ந்த கவிகுஞ்சர பாரதி. ஒரு முத்திரையை அவிழ்க்கப் போனால் ஒரு குடும்பமே வெளியே வருகிறது.

அந்த 72 மேளகர்த்தாவே ஒரு பெரிய புதிர்க்கட்டுதானே? கீரவாணி எத்தனையாவது மேளம்? மனப்பாடமே வேண்டாம். எழுத்தை எண்ணாக மாற்றும் கடபயாதி வாய்பாட்டில் 'கீ' ஒன்று, 'ர' இரண்டு. பன்னிரண்டைத் திருப்பிப் போடு, 21. இருபத்தோராவது மேளம் கீரவாணி. மாயாமாளவகௌளையில் 'மா' ஐந்து, 'ய' ஒன்று, திருப்பினால் 15. சங்கராபரணத்தின் எண் 29, அந்தக் கணக்குக்குப் பொருந்தவேண்டும் என்பதற்காகவே 'தீ' ஒன்பது, 'ர' இரண்டு என்று முன்னால் 'தீர' சேர்த்து தீரசங்கராபரணம் ஆக்கினார்கள். புதிருக்காகப் பெயரையே மாற்றிக்கொண்ட சங்கீதம் ஐயா இது! இதைப் பார்த்து, புதிர் உனக்கு ஆகாது என்று எதிரணி சொல்கிறது.

அடுத்து பேசிய தம்பி சொன்னார்: "எல்லாம் கைப்பேசியில் தேடினால் வந்துவிடுகிறது." சரி, தேடுங்கள் தம்பி. சியாமா சாஸ்திரி தஞ்சாவூரில் பங்காரு காமாட்சிக்குப் பூஜை செய்தவர். அவர் மதுரைக்கு வந்து மீனாட்சி மேல் பாடியதை நவரத்தினமாலிகை என்கிறோம். அதில் 'சரோஜ தள நேத்ரி' சங்கராபரணம், 'தேவி மீன நேத்ரி'யும் சங்கராபரணம். பாடியவர் ஒருவர், அம்மன் ஒன்று, ராகம் ஒன்று. வார்த்தையே இல்லாமல் வீணையில் ஒரு வரி மட்டும் வாசித்து, இது எது என்று கேட்டால் எதைப் போட்டுத் தேடுவீர்கள்?

இன்று சாயங்காலம் இதே மேடையில் நடந்த வினாடி வினாவில் இந்தக் கேள்விதான் வந்தது. கல்லூரிப் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு பாட்டி, சிம்மக்கல்லிலிருந்து வந்தவர், தொடையில் தாளம் போட்டபடியே வாய்க்குள் ஒரு தடவை முனகிப் பார்த்துவிட்டு, "சரோஜ தள நேத்ரி, அடுத்த கேள்வியைக் கேளுங்கப்பா" என்றார். பரிசாகக் கொடுத்த எவர்சில்வர் டப்பாவை மூடி சரியாகப் பொருந்துகிறதா என்று திறந்து மூடிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார். அந்தப் பாட்டியைப் பார்த்து மனப்பாடம் என்று சொல்லிவிட்டு இந்த மண்டபத்தை விட்டு வெளியே போய்விட முடியுமா தம்பி?

"ஜிகர்தண்டா குடிக்கிறவன் அதில் என்னென்ன போட்டிருக்கிறது என்று பார்த்தா குடிக்கிறான்?" என்று வேறு கேட்டார். மதுரையில் நின்றுகொண்டு கேட்கிற கேள்வியா இது? இங்கே ஒரு வாய் குடித்ததுமே, "நன்னாரி கம்மி, பிசின் சரியா ஊறல" என்று சொல்லிவிடுவான். சொல்லிவிட்டு இன்னொன்றும் வாங்கிக் குடிப்பான்.

தப்பான விடையில்கூட லாபம் உண்டு ஐயா. "மதுரை மணி ஐயர் பாடிப் புகழ் பெற்ற 'இங்கிலீஷ் நோட்டு' என்கிற மேல்நாட்டுப் பாணி மெட்டு யார் செய்தது?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் யாரோ வெள்ளைக்காரன் என்பார்கள். விவரம் தெரிந்தவர்கள் தீட்சிதர் என்பார்கள். அதுவும் தப்புதான், ஆனால் அழகான தப்பு. ஏனென்றால் மேல்நாட்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் நோட்டுஸ்வர சாகித்யங்கள் எழுதியவர் அவர். சரியான விடை ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். அவர் மதுரையில் ஒரு சங்கீதப் பள்ளி நடத்தினார், அங்கே படித்த பிள்ளைதான் மணி ஐயர். ஒரு கேள்வியைத் தப்பாகச் சொல்லி இத்தனையும் தெரிந்துகொண்ட பிறகு, அந்த நோட்டைப் பழைய மாதிரியா கேட்பான்?

நடுவர் ஐயா மணியைத் தொட்டுவிட்டார். அரை நிமிஷம் கொடுங்கள் ஐயா, எதிரணிக்கு ஒரே ஒரு புதிர் வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். பாபநாசம் சிவன் பாடிய 'தேவி நீயே துணை, தென்மதுரை வாழ் மீனலோசனி'. சுத்தத் தமிழ்நாட்டுச் சொத்து, நம்ம ஊர்ப் பாட்டு, நான் முன்னே கணக்குப் போட்ட அதே கீரவாணி. ராகத்தின் பெயரைப் பாட்டுக்குள் செருகுகிற, தீட்சிதர் செய்த வேலையைச் சிவனும் இதில் செய்திருக்கிறார். சரணத்தில் எந்த இடத்தில் என்று எதிரணியினர் கண்டுபிடிக்கட்டும். கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, வாயால் பாடிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதுவரை தீர்ப்பைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் ஐயா. நன்றி, வணக்கம்.