கெட்டதுக்குப் போகையில் பேனாவும் கொண்டு போவோம்

(வாசகசாலை ஆண்டுவிழாவில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, வேறொரு திறப்புவிழாவை ஒத்திவைத்துவிட்டு வந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, தலைமையாசிரியை அம்மா அவர்களே, வணிகர் சங்கச் செயலாளர் அவர்களே, காசு வாங்காமல் ஒலிபெருக்கி கட்டித் தந்திருக்கும் தம்பி அவர்களே, யாரையேனும் விட்டிருந்தால் அது மறதியே அன்றி அவமதிப்பு அன்று என்று பொறுத்தருளுங்கள்; அனைவருக்கும் வணக்கம்.

"நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போய்விட வேண்டும்" என்பார்கள். நம் ஊர் இதில் குறை வைத்ததில்லை. சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்று பக்கத்து வீட்டிலிருந்து சோறு வந்துவிடும். பந்தலும் பெஞ்சும் கேட்காமலே வந்து இறங்கும். ஆனால் பதினாறாம் நாள் கருமாதிச் சாப்பாடு முடிந்து இலை எடுத்த பிறகுதான், அந்த வீட்டுக்கு அலைச்சல் தொடங்குகிறது. ஆகவே முதல் நாள் உதவி, காகித வேலை, மனத்துயர் என்று மூன்றைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

முதல் நாளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசு மருத்துவமனையில் உயிர் பிரிந்தால், உடலை வீடு சேர்க்க இலவச அமரர் ஊர்தி உண்டு. அதன் எண் 155377. இறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட்டால் கட்டணமில்லை.

காகித வேலைக்கு வருகிறேன். அஞ்சலகக் கவுண்டருக்குப் பின்னால் 31 ஆண்டுகள் உட்கார்ந்தவன் நான். ஓய்வு பெற்ற பின் ஒரு தங்கை, மஞ்சள் பை ஒன்றைக் கொண்டுவந்து என் திண்ணையில் கவிழ்த்தார். கணவருக்கு 44 வயது, மூட்டை தூக்கும் தொழில், நெஞ்சுவலியில் போய்விட்டார். சுடுகாட்டுச் செலவுக்கு வாங்கிய கடன் சீட்டு, மருந்துச் சீட்டு, மழையில் நனைந்து ஒட்டிக்கொண்ட வங்கி பாஸ்புக் எல்லாம் அந்தப் பையில் இருந்தன. பாஸ்புக்கின் தாளைப் பிளேடால் பிரித்துப் பார்த்தேன். மே மாதக் கடைசியில் 436 ரூபாய் பற்று. "இது என்னவோ வங்கிக்காரன் பிடிக்கிற காசு அண்ணே" என்றார். அந்த 436 ரூபாய்தான் ஜீவன் ஜோதி என்ற மத்திய அரசின் ஆயுள் காப்பீட்டுத் திட்டத்தின் ஓராண்டுத் தவணை; எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். அது தெரியாமலே அவர் வட்டிக்கு வாங்கிக் காரியம் செய்திருக்கிறார்.

கதை அதோடு முடியவில்லை. துக்கத்தில் இருந்த மைத்துனர் இறப்பைப் பதியப் போனவர், ஆதாரில் உள்ள பெயரைச் சொல்லாமல், வீட்டில் கூப்பிடும் "துரை" என்ற பெயரைச் சொல்லிவிட்டு வந்திருந்தார். சான்றிதழில் துரை, பாஸ்புக்கில் வேறொருவர்! அதைத் திருத்த உறுதிமொழிப் பத்திரம் எழுதினோம். நியமனதாரர், அதாவது பணம் யாருக்குச் சேர வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்த ஆள், யார் என்று பார்த்தால் இறந்தவரின் தாயார். அந்த அம்மாள் காலமாகி 6 ஆண்டுகள் ஆகியிருந்தன. கல்யாணத்துக்கு முன் எழுதிக் கொடுத்ததை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அப்புறம் இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு மனு, அதற்கு விசாரணை, வட்டாட்சியர் கையெழுத்து. பணம் கைக்கு வர 11 மாதம். கூலிக்குப் போகாமல் அவர் இழந்த நாட்களை நான் எண்ணவில்லை. அவர் எண்ணி வைத்திருந்தார்.

பேரூராட்சித் தலைவர் அவர்களிடம் நான் ஓராண்டாகக் கேட்டு வருவதை இந்த மேடையிலும் கேட்டுவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். வாசகசாலையின் பின்னறையை ஞாயிறுதோறும் காலை இரண்டு மணி நேரம் திறந்துவிடுங்கள். ஒரு மேசை போதும். துக்க வீட்டுக்கு மனு எழுதித் தருவோம். அதைவிட முக்கியமாக, உயிரோடு இருப்பவர்களின் பாஸ்புக்கில் நியமனதாரர் யார் என்று பார்த்து, மாற்ற வேண்டியதை மாற்றும் படிவத்தை அங்கேயே நிரப்பித் தருவோம். கெட்டதுக்குப் போய்விட வேண்டும் என்று சொன்ன பெரியவர்கள், வெறுங்கையோடு போகச் சொல்லவில்லையே!

மனத்துயர் பற்றிச் சொல்ல நினைத்திருந்தேன். செயலாளர் இரண்டாம் முறையாக மணி அடித்துவிட்டார். பாஸ்புக் கொண்டுவந்தவர்கள் மேடைக்கு வலப்புறம் உள்ள வேப்பமரத்தடிக்கு வாருங்கள், கண்ணாடியும் பேனாவும் என் சட்டைப் பையிலேயே இருக்கின்றன. நன்றி, வணக்கம்.