தகரப் பெட்டியில் இருந்த வெள்ளி

நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவில், பினாங்கில் எங்கள் சகோதர நலச் சங்கத்துக்கு 11 வருடமாக நான்தான் பொருளாளர். விரும்பி வந்த பதவி இல்லை. பொதுக்கூட்டத்தில் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டபோது நான் நிமிர்ந்து பார்த்துவிட்டேன், அவ்வளவுதான்.

முதல் வாரம் பழைய கணக்குப் புத்தகங்களைப் பிரித்தேன். சிவப்புத் துணி அட்டை, கரையான் அரித்த ஓரம். 1967 நவம்பர் பக்கத்தில் ஒரு வரி: பெட்டி இருப்பு 340 வெள்ளி, நோட்டு மாற்றியதில் நஷ்டம் 51 வெள்ளி. வெள்ளி என்றால் எங்கள் ஊர்ப் பணம், இன்றைய ரிங்கிட். அந்த ஜூனில்தான் புதிய வெள்ளி வந்திருந்தது. பழைய நோட்டும் அதே மதிப்பில் செல்லும் என்றிருந்தார்கள். நவம்பரில் பிரிட்டன் தன் பவுண்டு நாணயத்தின் மதிப்பைக் குறைத்ததும், அதோடு கட்டியிருந்த பழைய வெள்ளி 85 காசாகிப் போனது. பினாங்கில் ஹர்த்தால், கலவரம், ஊரடங்கு. புத்தகத்தில் அதெல்லாம் இல்லை. 51 வெள்ளி மட்டும் இருக்கிறது.

உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கு அப்போது 200 வெள்ளி மரண சகாயம். பாடையிலிருந்து பதினாறாம் நாள் சாப்பாடு வரை அதில் முடிந்ததாம். 1984ல் 500 ஆக்கினார்கள், அப்புறம் அசையவே இல்லை. இன்று சவ வண்டிக்கும் பூவுக்குமே அது சரியாகிவிடும். வருடாவருடம் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்குக் கணக்கு போகிறது, ஒரு காசு பிசகாமல்.

சந்தா எங்களைக் காப்பாற்றியதில்லை. காப்பாற்றியது பினாங்கின் ஜார்ஜ்டவுன் நகரத்தில் சங்கத்துக்கு இருக்கும் கடைவீடு, கீழே கடை, மேலே வீடு. 1948க்கு முன் கட்டியது என்பதால் வாடகையை இஷ்டத்துக்கு ஏற்ற விடாத கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கிடந்தது, மாதம் 60 வெள்ளி. கூரை ஒழுகினால் அடைக்கக் காணாது. 1999 முடிவோடு கட்டுப்பாடு போனது. 2000 மார்ச்சில் வாடகை வரவு 900. அதே மாதம் சந்தாப் பதிவேட்டில் ஒரு பெயர் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கடைவீட்டின் கீழே 28 வருடம் துணிக்கடை வைத்திருந்த எங்கள் உறுப்பினர். புது வாடகை கட்ட முடியாமல் கடையை விட்டார், சங்கத்தையும் விட்டார். வாடகையை ஏற்றிய அந்தக் கமிட்டியில் நான் இல்லை. இருந்திருந்தால் நானும் கை தூக்கியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

2008ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் நகரம் சேர்ந்தது. பழைய தோற்றம் மாறாமல் இருக்க இப்போது சுவரில் சுண்ணாம்புப் பூச்சு, கூரைக்குப் பழைய மாதிரி ஓடு. வாடகையில் பாதி அங்கேயே திரும்பிப் போகிறது.

மாதக் கடைசியில் பொதுக்கூட்டம். சகாயத்தை 2,000 ரிங்கிட் ஆக்க ஒரு தீர்மானம், சந்தாவை 5 ரிங்கிட் ஆக்க இன்னொன்று. முதலாவதுக்கு எல்லாக் கையும் உயரும். இரண்டாவதுக்குத் தலைகள் குனியும்போது, இந்த முறை ஒவ்வொருவர் முகமாகப் பார்க்கப் போகிறேன்.