பச்சை உடம்புக்கு வெள்ளை சூப்

வணக்கம் மக்களே! முதலில் என் கையில் இருப்பதைப் பாருங்கள். காய்ந்து கறுத்த பயற்றங்காய் மாதிரி, கணு கணுவாகப் புடைத்திருக்கிறதே, இதற்குப் பெயர் உடா. இன்றைக்கு இது இல்லாமல் சமையலே இல்லை.

நான் இருப்பது நைஜீரியாவின் தென்கிழக்கில், எனுகு நகரத்தில். எதிர் வீட்டுப் பெண்ணுக்குப் போன மாதம் குழந்தை பிறந்தது. மறுநாளே அவளுடைய அம்மா அகுலேரியிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்து இறங்கிவிட்டார். இக்போ மக்களிடம் இதற்கு ஒமுக்வோ என்று பெயர். பேரக்குழந்தையைக் குளிப்பாட்டுவது, மகளின் வயிற்றுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது, சமைப்பது எல்லாம் அம்மாவின் பொறுப்பு. மாதக்கணக்கில் தங்குவார்கள். அதுவரை அடுப்படி அவர் கையில்தான். மருமகன் கரண்டியைத் தொட்டால்கூட ஓர் அதட்டல் வரும், நானே கேட்டிருக்கிறேன்!

அந்த அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான் இந்த ஓஃபே என்சாலா. ஓஃபே என்றால் சூப். இக்போ சூப்புகள் பலவும் பனை எண்ணெயில் சிவந்திருக்கும். இதில் அந்த எண்ணெய் ஒரு சொட்டுகூடக் கிடையாது, அதனால் வெள்ளை சூப் என்றும் சொல்வார்கள். அகுலேரி இருக்கும் அனம்ப்ரா ஆற்றுப் பக்கம்தான் இதற்குப் பேர்போன இடம். ஆறு இருந்தால் மீன் இருக்கும் இல்லையா?

கெளுத்தி மீன்தான் போடுகிறேன். கொதிக்கிற தண்ணீரை ஊற்றி வழுவழுப்பைத் தேய்த்து எடுத்தாயிற்று. பக்கத்தில் ஊறுவது ஒக்போரோகோ, நார்வேயில் உலர்த்திய காட் மீன். இந்தத் தென்கிழக்குப் பகுதி பியாஃப்ரா என்ற தனி நாடாகப் பிரிந்ததால் 1967 முதல் 1970 வரை நடந்த உள்நாட்டுப் போரில், பட்டினி கிடந்த மக்களுக்கு நிவாரணமாக இது நிறைய வந்தது. "அதைத் தின்றுதான் நான் பிழைத்தேன்" என்றார் அந்த அம்மா.

சூப்பைக் கெட்டியாக்குவது ஜி. நம் வள்ளிக்கிழங்கு வகைதான், ஆனால் தொடை மொத்தம் இருக்கும். வேகவைத்து உரலில் இடித்து, உருண்டை உருட்டிக் கொதியில் போட்டால் மெல்லக் கரைந்துவிடும். அப்புறம் இறால் பொடி, மிளகாய், ஆமணக்கு விதையைப் புளிக்கவைத்த ஓகிரி. ஓகிரியின் வாடை முதலில் மூக்கைத் துளைக்கும். கொதிக்கக் கொதிக்க அதுவே பசியைக் கிளப்பும்.

உடாவை உடைத்து விதையை எடுத்துவிடுங்கள், கசக்கும். மேல்தோலை மட்டும் தட்டிப் போடணும். பிள்ளை பெற்றவளின் வயிற்றில் தங்கிய கசடை இது வெளியேற்றும் என்பது அவர்கள் நம்பிக்கை. பச்சை உடம்புக்குக் காரமும் சூடும் வேண்டும் என்று அந்த அம்மா அடித்துச் சொல்கிறார்.

இனி கரண்டி போடக் கூடாது, மீன் உடைந்துவிடும். துணியால் பானையின் இரண்டு பக்கமும் பிடித்து, இப்படி ஒரு சுழற்று. கடைசியில் உட்டாசி இலை, ஒரு சிட்டிகை. லேசான கசப்பு வந்தால் போதும்.

நேற்று அந்த அம்மா ஊருக்குக் கிளம்பினார். மகளும் மருமகனும் புதுத் துணிகள், பணம் எல்லாம் கொடுத்து அனுப்பினார்கள், அதுதான் முறை. வண்டியில் ஏறப்போனவர் திரும்பி வந்து, இந்த உடாவைக் காகிதத்தில் மடித்து என்னிடம் கொடுத்து, "அவளுக்கு இன்னும் இரண்டு வாரம் வைத்துக் கொடு" என்றார்.

சரி, மீன் வெந்துவிட்டது. ஆறுவதற்குள் எதிர் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன்.