கச்சான் அடிக்கும்போது மலைக்கு எந்தப் பக்கம்?

நேயர்களுக்கு வணக்கம்.

கடற்கரைக்காரருக்கு மலையேற்றத்தில் என்ன வேலை என்று வீட்டிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். என் பதில் ஒன்றுதான்: எங்களுக்குக் காற்றுத் தெரியும். காற்றுத் தெரிந்தவர்களுக்கு மலை பாதி தெரிந்த மாதிரி.

ஆனி பிறந்தால் நம் திருகோணமலையில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கத் தொடங்கும். காலை பத்து மணிக்கே முற்றம் கொதிக்கும், உதடு வெடிக்கும், கொடியில் போட்ட சீலை அரை மணி நேரத்தில் முறுகிவிடும். இந்தக் காற்று இந்து சமுத்திரத்தில் புறப்படும்போது ஈரமாகத்தான் வருகிறது. மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் முட்டி, மேலே ஏறி, குளிர்ந்து, மழையை அங்கேயே கொட்டிவிடுகிறது. மிச்சக் காற்று கிழக்குப் பக்கம் இறங்க இறங்கச் சூடேறுகிறது. அப்படிக் காய்ந்து போய்த்தான் கந்தளாய் தாண்டி நம்மிடம் வந்து சேர்கிறது.

அந்த மழையைப் பிடித்து வைக்கிற மலைகளில் ஒன்றுதான் நக்கிள்ஸ் மலைத்தொடர். கண்டி, மாத்தளை மாவட்டங்களில் கிடக்கிறது. 900 மீட்டருக்கு மேலே முப்பதுக்கும் அதிகமான சிகரங்கள். எல்லாவற்றிலும் உயர்ந்தது கொம்பனிய, 1,900 மீட்டரைச் சற்றே தாண்டும். 2010-இல் சிவனொளிபாத மலைக் காடு, ஹோட்டன் சமவெளி இரண்டோடும் சேர்த்து இதையும் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் எடுத்தது. அங்கே பெய்கிற மழையில் ஒரு பங்கு அம்பன் கங்கையாகவும் ஹீன் கங்கையாகவும் இறங்கி, மகாவலியில் விழுந்து, கடைசியில் மூதூர்ப் பக்கம் நம்முடைய கொட்டியாரக் குடாவுக்குத்தான் வருகிறது. ஆகவே அது நமக்கு அந்நிய மலை இல்லை.

இப்போது பெடியன்கள் சிகரக் கணக்கு வைக்கிறார்கள். நாட்டின் உயர்ந்த மலைகளை வரிசையாக எழுதி, ஏறியதும் ஒரு சரி போட்டு, உச்சியில் நின்று ஒரு படம். எனக்கு அதில் கோபம் இல்லை. வீட்டுக்குள் போனோடு கிடப்பதைவிட எவ்வளவோ மேல். ஆனால் உயரத்தை வைத்துப் போட்ட வரிசை ஆளை ஏமாற்றும். நாட்டிலேயே உயர்ந்த பிதுருதலாகல 2,524 மீட்டர். உச்சி வரை வாகனப் பாதை, மேலே ஒளிபரப்புக் கோபுரங்கள், இராணுவக் காவல். மூன்றாவது உயரமான தொட்டுபொலகந்த, ஹோட்டன் சமவெளிக்குள் பாதையோரத்திலேயே ஏறத் தொடங்குகிற மலை. நடக்கத் தெரிந்தவர் ஒரு மணி நேரத்துக்குள் மேலே நிற்பார். நக்கிள்ஸில் மீமுரேக் கிராமத்துக்கு மேலே நிற்கிற லக்கேகல வெறும் 1,300 மீட்டர்தான். ஆனால் செங்குத்துப் பாறை. கயிறும் இடம் தெரிந்த ஆளும் இல்லாமல் அதில் கைவைக்கக் கூடாது. இராவணனின் விமானம் அந்த உச்சியில் இருந்துதான் பறந்ததாம், அந்த ஊர் ஆட்கள் சொல்வார்கள். கோணேசர் கோயிலடியில் இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவை வைத்திருக்கிற நாங்கள் அதை மறுத்துப் பேச முடியுமா?

சரி, எந்த மாதம் எந்தப் பக்கம்? ஆடியில் ஒரு நாள் விடியப்புறமே புறப்பட்டு மாத்தளை போய், இரத்தோட்டைப் பக்கம் ஏறிப் பாருங்கள். ஏலக்காய்க் காட்டுக்குள் பனிமூட்டம், கண்ணாடியில் தூறல். ரிவர்ஸ்டன் கணவாயில் இறங்கினால் காற்று ஆளைத் தள்ளும்; பேசுவது பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது. அங்குள்ள மரங்கள் எல்லாம் குட்டையாக, ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும். அப்புறம் வண்டி வளைந்து வளைந்து இறங்கும். பிட்டவல பத்தனை என்கிற புல்வெளிக்கு வந்தால் வெயில்! மேலே திரும்பிப் பார்த்தால் நாம் வந்த முகட்டில் முகில் தொங்கிக்கொண்டிருக்கும், காலடியில் காய்ந்த புல். திருகோணமலைக்கு வருகிற கச்சான் எப்படிச் சமைகிறது என்பதை ஒரே காலையில் பார்த்து முடித்துவிடலாம்.

அதனால் என் கணக்கு இது. மே கடைசியில் இருந்து செப்டெம்பர் வரை நமக்குக் கிழக்குப் பக்கம்: பிட்டவல, இலுக்கும்புர, மீமுரே. பத்தனைப் புல்லில் தீ பிடிப்பதும் இந்த மாதங்களில்தான், அடுப்பு மூட்டுகிற யோசனையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடி மின்னல், பிறகு சூறாவளிப் பயம். வடகிழக்கு வாடைக் காற்று இறங்கியதும் கிழக்குச் சரிவு முழுக்க நனைந்து மண்சரிவு எச்சரிக்கை வரும். அந்த நாட்களில் நக்கிள்ஸை நினைக்கவே வேண்டாம். மலை ஆசை தாங்காதவர்கள் சிவனொளிபாத மலைக்குப் போகலாம். அது தென்மேற்கில் இருப்பதால் வாடை மழை அங்கே குறைவு. டிசம்பர் பௌர்ணமி முதல் வெசாக் பௌர்ணமி வரை படி முழுக்க வெளிச்சமும் தேத்தண்ணீர்க் கடையும் இருக்கும். பெப்ரவரி, மார்ச் இரண்டும்தான் நக்கிள்ஸின் எல்லாப் பக்கமும் திறக்கிற மாதங்கள். பெரிய சிகரங்களை அப்போது வைத்துக்கொள்ளுங்கள். ரங்கலப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் நம் பாஷை பேசுகிற அண்ணன்மார் இருக்கிறார்கள், வழி கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. ஏப்ரலில் மத்தியானத்துக்குப் பிறகு முகட்டில் நிற்காதீர்கள், மின்னல் விழும்.

ஈரக் காலத்தில் போனால் அட்டை இருக்கும். இலை நுனியில் பின்பக்கத்தால் ஒட்டிக்கொண்டு, நூல் மாதிரி நீண்டு, எட்டிப் பார்த்தபடி நிற்கும். கடித்தது தெரியாது, சப்பாத்தைக் கழற்றும்போது காலுறை சிவந்திருப்பதைப் பார்த்துத்தான் தெரியும். இரத்தம் உறையாமல் அது ஏதோ சுரக்கிறது, அதனால் சற்று நேரம் ஒழுகும். பயப்பட ஒன்றுமில்லை. காலுறையில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு போங்கள். அட்டைக்குப் பயந்து கீழே பார்த்து நடக்கிறவர்களுக்கு ஒரு இலாபமும் உண்டு. ஏலச் செடித் தண்டில் மூக்கு நுனியில் சின்ன இலை முளைத்தது போல ஒரு ஓணான் அசையாமல் இருக்கும். உலகத்தில் இந்த மலைத்தொடரில் மட்டும்தான் அது உண்டு. தொடாதீர்கள், தூக்காதீர்கள். அது ஓடாது என்பதற்காகப் பிடித்துப் படம் எடுக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது.

நம் ஊர்ப் பிள்ளைகள் குளிரைக் குறைத்து எடைபோடுகிறார்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரைப் பாகை குறையும். நனைந்த பருத்திச் சட்டையோடு காற்றில் நின்றால் பல் கிட்டும். மாற்றுச் சட்டையைப் பொலித்தீன் பையில் கட்டிக்கொள்ளுங்கள். காட்டுக்குள் ஐந்தரைக்கே இருட்டு வரும். ஆகவே உச்சி தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஒரு மணிக்குத் திரும்புவது என்று கீழேயே பேசி முடிவெடுங்கள். மேலே நின்று பேசினால் எப்போதும் இன்னும் கொஞ்சம் என்றுதான் வரும்.

வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும், சில பாதைகளுக்கு வழிகாட்டியும் வேண்டும். பல இடங்களில் போனுக்கு சிக்னல் இல்லை. எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். சிக்னல் கிடைக்கிற இடத்தில் அம்புலன்ஸுக்கு 1990, பொலிசுக்கு 119. முதன்முதலாகப் போகிறவர்கள் பிட்டவல பத்தனையோடு தொடங்கலாம், சிறுவர்களும் நடப்பார்கள். பாறை விளிம்பில் மட்டும் அவர்கள் கையை விடாதீர்கள்.

நன்றி, வணக்கம்.