வெள்ளை ஒளி வந்துவிட்டது, ஆனால் எந்த வெள்ளை?

வணக்கம் நண்பர்களே. திரையில் தெரியும் படத்தைப் பாருங்கள். இடப்பக்கம் 800 நானோமீட்டர் அலைநீளத்தில் லேசர் ஒளி நுழைகிறது. கண்ணுக்கு மங்கலான சிவப்பு, அவ்வளவுதான். வலப்பக்கம் பளீரென்று வெள்ளை! நடுவில் ஒரு மீட்டர்கூட நீளமில்லாத கண்ணாடி இழை. ஒரே நிற லேசர் ஒளி இப்படிப் பல நிறங்களாக விரிவதைத்தான் மீத்தொடர் நிறமாலை (supercontinuum) என்கிறார்கள்.

100 ஃபெம்டோ விநாடி (ஒரு ஃபெம்டோ விநாடி என்பது விநாடியில் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு) நீளும் லேசர் துடிப்பை, இரண்டு மைக்ரோமீட்டர்கூட அகலமில்லாத உள்ளகத்தில், அதாவது இழையின் ஒளி செல்லும் நடுப்பகுதியில், அடைத்தால், அந்த ஒளிச்செறிவில் கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணே மாறுகிறது. துடிப்பின் முன்பகுதி சிவப்புப் பக்கமும் பின்பகுதி நீலப் பக்கமும் நகர்கின்றன. சாதாரண சிலிக்கா இழையில் இது நீடிக்காது. நிறத்துக்கு நிறம் ஒளியின் வேகம் மாறி, துடிப்பு நீண்டுபோவதுதான் நிறப்பிரிகை. இந்த இழையில் அது சுழியாவது (பூஜ்ஜியமாவது) 1300 நானோமீட்டர் அருகில்தான். 800இல் போகும் துடிப்பு சீக்கிரமே நீண்டு வலுவிழந்துவிடும்.

உள்ளகத்தைச் சுற்றிக் காற்றுத் துளைகளை வைத்தால் அந்தச் சுழிப்புள்ளி இடம்பெயரும். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இயற்பியலாளர் ராங்காவும் உடன் பணியாற்றியவர்களும் அதை 770 நானோமீட்டர் அருகே கொண்டுவந்து, 75 சென்டிமீட்டர் இழையிலேயே ஊதாவிலிருந்து அகச்சிவப்பு வரை விரித்துக் காட்டினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். சுழிப்புள்ளியைத் தாண்டி நெட்டலைப் பக்கம் செலுத்திய துடிப்பு, உள்ளே சாலிட்டான் துண்டுகளாக, அதாவது வடிவம் குலையாமல் பயணிக்கும் குட்டித் துடிப்புகளாக, உடைகிறது. 1928இல் சி.வி. ராமன் கண்டறிந்தாரே, அதே சிதறல்தான் ஒவ்வொரு துண்டையும் மேலும் மேலும் சிவப்புக்குத் தள்ளுகிறது. போகிற போக்கில் துண்டுகள் நீலப் பக்கத்தில் சிற்றலைகளை உதிர்க்கின்றன. நிறமாலையின் சிவப்பு, நீல ஓரங்கள் இரண்டும் இப்படித்தான் வளர்ந்தவை.

வழுவழுப்பான நிறமாலை வரைபடத்தைக் கண்டு மட்டும் மயங்கிவிடாதீர்கள். நிறமாலைமானி பல்லாயிரம் துடிப்புகளின் சராசரியைத்தான் காட்டுகிறது. பிக்கோ விநாடி (ஆயிரம் ஃபெம்டோ விநாடி) அளவுக்கு நீண்ட துடிப்பைச் செலுத்தினால், உடைப்பு இரைச்சலிலிருந்தே, அதாவது ஒளியின் தற்செயலான சிறு ஏற்ற இறக்கங்களிலிருந்தே, தொடங்குகிறது. ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. 2007இல் துடிப்புகளைக் காலத்தில் நீட்டி ஒவ்வொன்றாக அளந்தபோது, எப்போதோ ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பல மடங்கு வலிமையோடு சிவப்பு ஓரத்தில் எழுவது பதிவானது. கடலில் திடீரென எழும் முரட்டு அலைகளின் (rogue waves) பெயரையே அதற்கும் வைத்தார்கள்.

எனவே நிறமாலையின் அகலத்துக்காக மட்டும் இழையைத் தேர்ந்தெடுப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பயன்படுத்தும் பட்டை முழுவதும் நிறப்பிரிகை சுழியைத் தொடாத இழைகளும் இருக்கின்றன. அவற்றில் சாலிட்டான் உடைப்பே கிடையாது. விரிவு குறைவுதான், ஆனால் குறுகிய துடிப்பைச் செலுத்தினால் துடிப்புக்குத் துடிப்பு மாறாது. அதிர்வெண் சீப்பு (சம இடைவெளியில் சீப்புப் பற்களைப்போல் அமைந்த ஒளி அதிர்வெண்களின் வரிசை) அமைக்கவோ துல்லியமாக அளக்கவோ போகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

சிலிக்கா ஒளியைக் கடத்தாத நடு அகச்சிவப்பில் ஃப்ளோரைடு, சால்கோஜினைடு எனும் வேறு வகைக் கண்ணாடிகளால் ஆன இழைகள் எப்படிச் சமாளிக்கின்றன என்பதை அடுத்த காணொளியில் பார்ப்போம்.